இருட்டுத் திரையின் உட்பக்கம்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஓர் அருங்காட்சியகச் சுவரில், ஓர் ஓவியத்தின் பக்கத்தில், ‘இவருடைய போர்க்கால ஓவியங்கள் கிடைக்கவில்லை’ என்று ஓர் அட்டை தொங்குகிறது. அவை கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம். எண்பத்தெட்டு வயதில் இதை ஒப்புக்கொள்கிறேன்.

மிஷன்காரர்கள் ஓராண்டு இறையியல் படிக்க அப்பாவை டென்மார்க்குக்கு அழைத்திருந்தார்கள். சென்னையில் கப்பலேறியபோது எனக்கு இரண்டு வயது. போர் மூண்டு, ஓராண்டு ஆறாண்டாயிற்று. நான் டேனிஷ் பேசித்தான் வளர்ந்தேன். ஆனாலும் தெருப் பையன்களுக்கு நான் ‘கரிமூட்டை’.

எங்கள் மாடியில் ஜார்ஜியா நாட்டு ஓவியர் ஒருவர் குடியிருந்தார். திபிலீசியில் பிறந்து, பாரிஸில் படித்து, டேனிஷ் கப்பல்காரரை மணந்து வந்து, விதவையானவர். பீங்கான் தட்டுகளில் நீலப் பூ வரைவது அவருக்குப் பிழைப்பு. சொந்தப் படங்களை யாரும் வாங்கியதில்லை. அம்மா சொன்னபடி அவரை அத்தை என்று கூப்பிடுவேன். அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டார். அப்பாவுடைய தங்கை என்றேன்.

“அப்போ உங்கப்பாவை நான் அதட்டலாம்னு சொல்லு.”

போரின் கடைசி இரண்டு குளிர்காலங்களில் ஓவியத் துணி கிடைக்கவில்லை. விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாதிருக்க எல்லா ஜன்னல்களையும் மறைக்க வேண்டும் என்பது சட்டம்; பலரும் கறுப்புக் காகிதச் சுருள்திரை தொங்கவிட்டார்கள். அத்தை தம் திரைகளின் உட்பக்கத்தில் வரையத் தொடங்கினார். நான்கு ஜன்னல்கள், நான்கு படங்கள். மரப் பால்கனிகள், ஆற்றுப் பாலம், மாதுளை விற்கும் ஒரு பெண். மாலையில் திரைகளை இறக்கினால் அறைக்குள் ஓர் ஊர் வந்து நிற்கும். சோவியத் ஆட்சிக்குள் போய்விட்ட அந்தப் பிறந்த ஊருக்கு அவர் இனிப் போக முடியாது என்று அப்பா சொல்லியிருந்தார். இரண்டு குளிர்காலமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்.

மே மாத மாலை ஒன்றில், டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர் சரணடைந்துவிட்டதாக லண்டன் வானொலி சொன்னது. தெரு நிறைந்துவிட்டது. ஜன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கறுப்புத் திரைகளைப் பிடுங்கி வந்து தெருநடுவே கொளுத்தினார்கள். ஒவ்வொரு பையனும் தன் வீட்டுத் திரையைத் தீயில் போட, கூட்டம் ஆரவாரித்தது.

எங்கள் ஜன்னலை மறைத்திருந்தது கம்பளி. “அதையும் எரிச்சுட்டா எதைப் போத்திப்ப, உங்கப்பா அங்கியையா?” என்றாள் அம்மா.

ரொட்டிக் கடைக்காரர் மகன் கேட்டான்: “கரிமூட்டை, உன் திரை எங்கடா? நீயே குதிக்கப் போறியா?”

மாடிக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. அத்தை தெருவில் அப்பாவோடு நின்று பாடிக்கொண்டிருந்தார். திரைகளைப் பிடுங்கினேன். ஒன்று விரிந்து, மாதுளைக்காரி என்னைப் பார்த்தாள். தெரியாமல் செய்ததாகப் பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு. தெரிந்துதான் செய்தேன். வண்ணம் வெளியே தெரியாதபடி இறுக்கிச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.

எண்ணெய் வண்ணம் ஏறியவை அல்லவா, மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக எரிந்தன. கூட்டம் கத்தியது. ரொட்டிக் கடைக்காரர் மகன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டான். இரண்டு கைகளையும் உயர்த்தினேன். அதற்குப் பின் எந்த வெற்றியும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. அத்தை தீயைப் பார்த்தார். தம் நான்கு வெற்று ஜன்னல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாட்டை மட்டும் நிறுத்தவில்லை.

மறுநாள் கூப்பிட்டனுப்பினார். அடி நிச்சயம் என்று போனேன். வெள்ளை மேசைவிரிப்பு ஒன்றை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தார்.

“நேத்து மாதிரியே கையைத் தூக்கு. எரிஞ்சப்போ எப்படி இருந்தது?”

“அழகா இருந்தது, அத்தை.”

“ஆமா. அதுதான் கஷ்டம்.”

ஒன்பது நாள் அப்படி நின்றேன். தினமும் முடிந்ததா என்று கேட்பேன். “இன்னும் இல்லை, கையை இறக்காதே” என்பார். படத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. அந்த இலையுதிர்காலத்தில் நாங்கள் கப்பலேறினோம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த ஒரே படம் அவரைக் கோபன்ஹேகனுக்கும் பாரிஸுக்கும் கொண்டுபோயிற்று. எழுபது வயதில், கண்காட்சி வைக்கச் சொல்லித் திபிலீசியே அவரை அழைத்தது. பூமாலையோடு ரயிலடியில் அவர் நிற்கும் புகைப்படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன்.

அந்தப் படத்தை நேரில் பார்க்க எனக்கு இத்தனை காலமாயிற்று. இன்னொரு பையனின் தோளின்மேல் ஒரு கறுத்த சிறுவன் கைகளை உயர்த்தியிருக்கிறான். பின்னால் பெரிய தீ. கிட்டப்போய்ப் பார்த்தால் தீக்குள் மரப் பால்கனிகள், ஆற்றுப் பாலம், மாதுளைக்காரி.

ஒரு வீரனை வரைகிறார் என்ற பெருமையில் ஒன்பது நாள் நின்றேன். என்னை வரைய அவருக்கு ஒரு நாள் போதும். மற்ற எட்டு நாளும் அவர் எதை வரைந்துகொண்டிருந்தார் என்று அந்தப் பையனுக்குத் தெரியவில்லை.