முப்பத்தொரு நாள் பட்டியல்

எங்கள் மாதர் சங்கத்தில் என்னைச் செயலாளராக்கியது என் கையெழுத்துத்தான். நான் போன இரண்டாவது கூட்டத்திலேயே தலைவி, கூட்டறிக்கைக் கொப்பியை என் மடியில் வைத்துவிட்டு, "பிள்ளை படிச்சனீர், நீர் எழுதும்" என்றார். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஊரே அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். நான் மறுக்கவில்லை. மறுப்பது எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பின்னேரம் சனசமூக நிலையத்தில் பாய் விரித்து இருபது, இருபத்திரண்டு பேர் கூடுவோம். பொதுக்கிணறு இறைப்பது, முன்பள்ளிக்கு வேலி அடைப்பது, திருவிழாவுக்கு முதல் கோயில் வீதி கூட்டுவது என்று வேலைகள் இருக்கும். ஆனால் நாங்கள் வெளியே சொல்லிப் பெருமைப்படுவது பத்தியப் பட்டியலைப் பற்றித்தான். ஊரில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தால், முப்பத்தோராம் நாள் துடக்குத் தீட்டுக் கழியும்வரை ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டிலிருந்து அவளுக்கு மத்தியானச் சாப்பாடு போகும். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி, வேர்க்கொம்பு அரைத்துப் போட்ட சரக்குக் கறி. செத்தல் மிளகாய் ஒன்றுகூடச் சேராது. பால் ஊறுவதற்குச் சுறா வறையும் முருங்கையிலையும். கொண்டுபோகிறவர் ஒரு மணித்தியாலமாவது அங்கே இருந்துவிட்டு வரவேண்டும் என்பது எழுதாத விதி. அந்த நேரத்தில்தான் தாய்க்கு வெந்நீர் வைப்பார்கள், அவள் கண்ணயரப் பிள்ளையை வைத்திருப்பார்கள், பால் கட்டினால் என்ன செய்வதென்று சொல்லிக் கொடுப்பார்கள். திரும்பி வந்து கிணற்றடியில் தோய்ந்துவிட்டு வீட்டுக்குள் போவார்கள். போரில் இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய காலத்தில், தாய் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெற்ற பெண்களுக்காக ரீச்சரும் அவர் வயதுக்காரரும் தொடங்கிய வழக்கம் இது.

என் மகள் பிறந்தபோது எனக்கும் பட்டியல் போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் அவளுடைய முறை.

அவள் எங்கள் ஒழுங்கையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தாள். யாழ்ப்பாணப் பட்டினத்துக் கொழும்புத்துறைப் பெண். இந்த ஊர் மேசன் ஒருவரை விரும்பிக் கட்டி வந்தவள். தாய் இல்லை. தகப்பனும் சகோதரங்களும் கதைப்பதில்லை. கணவன் வீட்டிலும் பெண்கள் யாரும் இல்லை. சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றாள், எந்த வேலையென்றாலும் என் பக்கத்தில் வந்து நிற்பாள். அந்தப் பன்னிரண்டாம் நாள் அவள் சாப்பாட்டோடு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அக்கா. மீன் மணம் ஒத்துக்கொள்ளேல்லை. மூக்கிலை துணியைக் கட்டிக்கொண்டு சமைச்சனான், கொள்ளைக்காரி மாதிரி" என்றாள். பிறகு, இரண்டு மாதம் என்று மெல்லச் சொன்னாள். எனக்குத்தான் அவள் முதலில் சொன்னது.

எட்டாம் மாதம் முடிகிறபோது அவளுக்கான பட்டியலை நானும் அவளும் என் வீட்டு மேசையில் இருந்து எழுதினோம். அவள் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டாள், நான் பெயர்களை எழுதினேன். முதலாம் நாள் ரீச்சர். ஏழாம் நாள் நான். ஒன்பது பேர் இரண்டு முறை வந்தார்கள். வழக்கமாக இரண்டு பிரதி எழுதுவேன். அவள் மூன்றாவது ஒன்று கேட்டாள்.

"எனக்கும் ஒண்டு தாங்கோ அக்கா. ஆர் வருகினம் எண்டு தெரிஞ்சால் அவைக்கேத்த மாதிரி வீட்டைக் கூட்டி வைப்பன். ரீச்சர் வாற நாளிலை தூசு கிடந்தால் எனக்கு முழங்காலிலை நிக்க வேண்டி வரும்."

சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தேன்.

அவள் வைத்தியசாலைக்குப் போன அடுத்த நாள் காலை அவளுடைய கணவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். "அக்கா, பிள்ளை தங்கேல்லை" என்றார். வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுவிட்டதாம். பெட்டைப் பிள்ளை. அன்று பின்னேரமே அவரும் கூட வேலை செய்கிற ஒருவரும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் செத்தவீடு என்றால் யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. பறைச் சத்தம் கேட்ட உடனே கதிரை போகும், தேத்தண்ணிக் கேத்தில் போகும், கதைக்காமல் இருக்கிற கோபக்காரர்கூட வந்து வாசலில் நின்றுவிட்டுப் போவார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று போவதற்கு நாட்கள் இருக்கின்றன. பிறந்த வீடென்றால் எங்கள் பட்டியல் இருக்கிறது. மூச்சே விடாமல் வந்த பிள்ளைக்குப் பந்தல் இல்லை, எட்டு இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. எந்த நாளில் எதைக் கொண்டு அந்த வீட்டு வேலிப் படலைக்குள் போவதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ரீச்சரிடம் போய்க் கேட்டேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "பத்தியத்தைக் கொண்டுபோய் வச்சால், பிள்ளை எங்கை எண்டு கேக்கிற மாதிரி இருக்கும் பிள்ளை. விடுவம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பட்டியலை நிறுத்துவது செயலாளரின் வேலை. எங்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் ஒரு வரி போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவளும் அந்தக் குழுவில் இருந்தாள். படுத்திருக்கிறவள் அதைப் பார்க்கக்கூடாதே என்று, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகத் தொலைபேசி எடுத்தேன். மகள் தோளில் கிடந்து சிணுங்கச் சிணுங்க, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். இப்போது யாரும் போய் அவளைக் கஷ்டப்படுத்த வேண்டாம், கொஞ்சநாள் விடுவோம். எல்லோரும் ஓம் என்றார்கள். சிலர் அழுதார்கள். கடைசி வீட்டுக்கும் சொல்லி முடித்தபோது, ஒரு கடினமான காரியத்தை ஒருவர் மனமும் நோகாமல் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் ஒருத்திக்கு மட்டும்தான் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நானும் போகவில்லை. ஏழு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் எப்படிப் போய் நிற்பது? பிள்ளையை விட்டுவிட்டுப் போனாலும் என்னில் பால் மணக்குமே. இப்படியெல்லாம் யோசித்தேன். மாமியாரும், "பால்குடிப் பிள்ளையை வச்சுக்கொண்டு நீ இப்ப அங்கை போகாதை" என்றார். அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ இளகியது. ஆறுதல்தான் அது. அவளை நினைத்துத்தான் போகாமல் இருக்கிறேன் என்று அதுவரை நம்பியிருந்தேன். என் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடும் என்ற பயமும் அதற்குள் இருந்தது. எது எவ்வளவு என்று இப்போதும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. இரவில் மகளின் மூக்கடியில் விரல் வைத்து மூச்சுப் பார்க்கிற பழக்கம் அந்த நாட்களில்தான் எனக்குத் தொடங்கியது.

கிளினிக்குக்கு மகளை நிறுக்கக் கொண்டுபோன நாளில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது கேட்டார், உங்கள் ஊரில் பிள்ளை தங்காத அந்தப் பெட்டைக்கு வீட்டில் ஒருவருமே இல்லையா என்று. பால் கட்டி, காய்ச்சல் வந்து, மார்பில் சீழ் பிடித்து, வைத்தியசாலையில் வெட்டித் துப்புரவாக்கினார்களாம். இரண்டு நாள் முந்திச் சொல்லியிருந்தால் அந்த அளவுக்கு வந்திராது என்றார். நான் மகளின் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றேன். பூட்டிய பொத்தானையே திரும்பவும் கழற்றிப் பூட்டினேன்.

அடுத்த நாள் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுச் சரக்கு அரைத்தேன். அன்று நாற்பத்துமூன்றாம் நாள்.

அவள் குசினியில் அடுப்படியில் இருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். "வாங்கோ அக்கா" என்று எழும்பி, கதிரையைத் துடைத்துப் போட்டாள். நான் மூடியைத் திறந்ததும் மணத்திலேயே அது என்னவென்று அவளுக்கு விளங்கிவிட்டது. குனிந்து பார்த்துவிட்டு மூடியை எடுத்துத் திரும்ப மூடினாள்.

"பத்தியம் முடிஞ்சுது அக்கா. நான் இப்ப உறைப்புச் சாப்பிடுறன்."

அவளுடைய அடுப்பில் தூள் போட்ட கறி சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். மார்பு இப்போது எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். கதவுக்குப் பின்னால் கலண்டருக்குப் பக்கத்தில் என் கையெழுத்து தெரிந்தது. மூன்றாவது பிரதி. நான் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"முதல்நாள் ரீச்சர் வருவா எண்டு இவரைக் கொண்டு முத்தம் எல்லாம் கூட்டுவிச்சனான். வரேல்லை. சரி, வயசுபோன மனிசி எண்டு நினைச்சன். அடுத்த நாளும் ஒருத்தரும் வரேல்லை. ஏழாம் நாள் நீங்கள். நீங்கள் எப்பிடியும் வருவியள் எண்டு படலையைப் பாத்துக்கொண்டு இருந்தனான்." கறியைக் கிண்டினாள். "முப்பத்தொரு நாளும் எல்லாரும் ஒருமிக்க மறக்கேலாது அக்கா. என்னைத் துக்கிரி எண்டு ஆரோ சொல்லியிருக்க வேணும். அதுதான் நினைச்சன்."

"நான்தான்" என்றேன். "துக்கிரி எண்டு இல்லை, ஐயோ அப்பிடி இல்லை. நான்தான் எல்லாரையும் மறிச்சனான். உமக்குக் கஷ்டமாய் இருக்குமெண்டு."

அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. ஏதோ கணக்கு விளங்காத பிள்ளையைப் போலப் பார்த்தாள்.

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே அக்கா" என்றாள்.

சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அந்தக் கறியை என் வீட்டில் யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை.

பிறகு பலதடவை போனேன். அவள் வாங்கோ என்பாள், தேத்தண்ணி தருவாள். என்னிடம் எதுவும் கேட்கமாட்டாள். கூட்டங்களுக்கு வரவில்லை. நான் ஒவ்வொரு மாதமும் சொல்லிவிட்டு வருவேன். அவள் திரும்பி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குள் ஒரு எண்ணம். அவளுக்காகவா எனக்காகவா அப்படி விரும்பினேன் என்பதும் தெரியாது. இதற்கு ஒரு முறை எழுதி வைப்போம், பிள்ளை தங்காவிட்டாலும் சாப்பாடு போகவேண்டும் என்று எழுதுவோம் என்று ஒரு கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். "நடக்கக்கூடாததுக்கு ஏன் பிள்ளை முறை எழுதுவான்" என்றார் ரீச்சர். கொப்பியில் நான் எழுதவில்லை.

இந்த வருடம் ஊரில் இன்னொரு பெண்ணுக்கு மாதமாகியிருந்தது. முதல் பிள்ளை. பட்டியல் எழுத உட்கார்ந்தபோது, என்னை அக்கா என்கிறவளுடைய பெயரில் வந்து பேனை நின்றது. திரும்பவும் ரீச்சரிடம் கேட்டேன். "பெறப்போற பெட்டையின்ரை தாய் ஏதும் நினைப்பா. இந்தமுறை விடும்" என்றார். எனக்கு அந்தக் காரணம் பிடிக்கவில்லை. அதனால் நானாக இன்னொரு காரணம் வைத்துக்கொண்டேன். அந்த வீட்டுக்குப் போய்ச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது அவளுக்குத் தாங்காது, அதுவும் ஒரு உதவிதான் என்று. அவளுடைய பெயர் இல்லாமலே முப்பத்தொரு நாளும் நிரம்பியது.

அந்தக் கூட்டத்துக்கு அவள் வந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு, நான் எதிர்பார்க்காத அந்த ஒரு நாளில். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, சங்கத்துச் சேலை உடுத்தி, பாயின் ஓரத்தில் வந்து இருந்தாள். எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். பட்டியலை வாசிக்க வேண்டியவள் நான். முதலாம் நாளிலிருந்து வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த ஆள் ஓம் என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் நிறுத்தி, என் பெயர் இருந்த ஒன்பதாம் நாளில் அவள் பெயரை வாசித்திருக்கலாம். அந்த யோசனை வந்தபோது நான் இருபதாம் நாளைத் தாண்டியிருந்தேன்.

பாய்களைச் சுருட்டும்போது அவள் என் பக்கத்தில் வந்து ஒரு முனையைப் பிடித்தாள். முந்தியும் அப்படித்தான், நாங்கள் இரண்டு பேரும்தான் பாய் சுருட்டுவோம்.

"எனக்கு எத்தினையாம் நாள் அக்கா? நான் வடிவாய்க் கேக்கேல்லை."

"இல்லை, உமக்கு..." என்று தொடங்கினேன்.

"கஷ்டமாய் இருக்குமெண்டு" என்று அவளே முடித்தாள்.

பாயைச் சுருட்டி, சுவரோடு நேராகச் சாத்தி வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நான் போனாலும் இப்போது வாசலில் நின்றுதான் கதைக்கிறாள்.

புதுப் பட்டியல் போட்ட வீட்டில் ஆண்பிள்ளை, நல்ல சுகம். ஒன்பதாம் நாள் நான் சரக்கு அரைத்துச் சமைத்து, சட்டியைத் துணியால் கட்டிச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போனேன். அவளுடைய ஒழுங்கையால்தான் போகவேண்டும். எப்படிக் கட்டினாலும் அந்த மணம் வெளியே வரும். அவளுடைய படலை திறந்திருந்தது. முற்றம் கூட்டியிருந்தது. அவள் உள்ளே இருந்தாளா, என்னைக் கண்டாளா, தெரியாது. என்னோடு வாரும், இரண்டு பேருமாகப் போவோம் என்று கூப்பிட்டால் வந்திருப்பாளோ? அவளுக்குக் கஷ்டமாக இருக்குமோ? அதை யோசித்து முடிப்பதற்குள் சைக்கிள் அவளுடைய வேலியைத் தாண்டிவிட்டது.

இறங்கிக் கேட்டிருக்கலாம்.