கொட்டை எழுத்தில் எழுதும் மிஷின்

நான் சொன்ன ஒரு பொய்யால் என் மைத்துனன் காசி, வலிப்போடு இன்னும் நான்கு மாதம் அவதிப்பட்டான்.

சுதந்திரம் வந்த புதிது. அவனுக்கு மூளை அலைப் பரிசோதனை செய்ய விழுப்புரத்தில் சென்னைக்கு ரயிலேறினோம். எதிரே அவன் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார்.

“அந்த மிஷினு என்னா மாமா பண்ணும்?” என்று கேட்டான்.

“தலையில கம்பி ஒட்டுவாங்க. நீ நெனைக்கிறதெல்லாம் காயிதத்துல எழுதிடும்.”

“மாமியாரப் பத்தி நெனச்சிக்கினு இருந்தா?”

“அதக் கொட்டை எழுத்துல எழுதும்.”

திண்டிவனத்தில் தண்ணீர் குடிக்க இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. நான் சிரித்தேன். அடுத்த மாதம் வலிப்பு வந்து அடுப்பின் மேல் விழுந்து அவன் கையைச் சுட்டுக்கொண்டபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

பொய்யை ஒப்புக்கொண்டேன். மூன்று மாதம் சொல்லிப் பார்த்தும் அவன் நம்பவில்லை. “மொதல்ல நீங்க படுங்க மாமா” என்றான். அவனோடு சென்னை போய், டாக்டரிடம் கெஞ்சி, எண்ணெய் போகத் தலைக்குக் குளித்து, நானே படுத்தேன். பசை தடவிக் கம்பிகளை ஒட்டினார்கள். கண்ணை மூடி ஆழமாக மூச்சுவிடச் சொன்னார்கள். வலியும் இல்லை, ஷாக்கும் இல்லை. காகிதத்தில் நெளிநெளியாகக் கோடுகள்தான் இருந்தன. காசி அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்து, ஓரெழுத்தும் இல்லை என்று உறுதியான பிறகே படுத்தான்.

டாக்டர் கொடுத்த மருந்தில் அவன் வலிப்பு அடங்கியது. என் பேச்சுக்கு இருந்த மரியாதை மட்டும் திரும்பவில்லை. இன்றும் நான் எதைச் சொன்னாலும், தழும்பேறிய அந்தக் கையால் என் தலையைக் காட்டி, “கம்பி ஒட்டிப் பாத்துடலாமா மாமா?” என்கிறான்.