ஃபின்டன் அத்தானின் கடைசி மேடை

ஆக்லாந்தின் நியூ லின் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அத்தான் போயிட்டார்" என்றார். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அயர்லாந்தில் பிறந்த ஃபின்டனை உங்களில் பலர் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பீர்கள். நகைச்சுவை விழா ஒன்றுக்காக நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு வந்தவர், மேடையிலிருந்து தவறி விழுந்து, காலுக்குக் கட்டுப்போட்ட தாதியையே மணந்துகொண்டார். அந்தத் தாதி என் அக்கா வசந்தி. நான் யாழ்ப்பாண வழக்கப்படி அத்தான் என்று கூப்பிட்டபோது, அது என்ன பட்டம் என்று கேட்டார். அதன் பிறகு நான் வேறு எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

மதுக்கடை மாடிகளில் பத்துப் பேர் முன்னால் பேசிக்கொண்டிருந்தவருக்கு, ஊர் ஊராகப் போய் வேலைத்தளங்களில் மனிதர்களைச் சந்திக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி கிடைத்தது. ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹி என்ற ஊரில் வெங்காயம் பொதி செய்யும் கொட்டகையில் படப்பிடிப்பு நடந்தபோது நானும் போயிருந்தேன். கமெராவைக் கண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தான் தன் கண்ணீரைத் துடைத்தபடி, "என் நகைச்சுவையைக் கேட்டு மற்றவர்கள் அழுவது வழக்கம். நானே அழுவது இதுதான் முதல் தடவை" என்றார். சாப்பாட்டு நேரம் வந்தும் அவர் பேச்சை விட்டு ஒருவரும் எழும்பவில்லை.

தொலைக்காட்சிக்காரர்கள் அந்த நிகழ்ச்சியை நிறுத்தியபோது அவர் கலங்கவில்லை. "மேடையில் பொய் சொன்னால் உடனே பிடிபடுவோம். தொலைக்காட்சியில் சொன்னால் அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள்" என்று சொல்லி, மேடைக்கே திரும்பினார்.

அங்கேதான் அது தொடங்கியது. முதலில் கதைகளின் முடிவு மறந்தது, பிறகு தொடக்கமும். அறுபது வயதுகூட ஆகவில்லை. மறதிநோய் என்று மருத்துவர் சொன்ன பிறகும், மேடையையும் பறித்துவிட்டால் தன்னிடம் எதுவும் மிஞ்சாது என்று அக்காவிடம் கெஞ்சினார்.

கடைசியாக நம் தமிழ்ச் சங்கத்தின் ஒன்றுகூடலில் பேசினார். பாதியில் நின்றுவிட்டார். "நான் எங்கே நிற்கிறேன்? யாராவது சொல்லுங்கள்" என்றார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. மறுபடியும் கேட்டார். சிரிப்பு கூடியது. அக்கா மேடையேறி, "வாங்கோ, வீட்டை போவம்" என்று அவர் கையைப் பற்றினார். அதற்கும் கைதட்டினார்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் உண்மையாகவே கேட்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

பிளாட் புஷ் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டில், கடைசி மாதங்களில், அக்காவையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தொட்டால் பயந்து தள்ளிவிடுவார். அக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார். வேறு வழி தெரியாமல் ஒரு மாலை அவருடைய பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போட்டேன். திரையில் இருந்த தன்னையே நெடுநேரம் பார்த்தார்.

"பாவம் அந்த மனிதர், எவ்வளவு பாடுபடுகிறார்" என்றார். "யாராவது சிரியுங்களேன்."

அக்காவும் நானும் சிரித்தோம். மூச்சு வாங்கும்வரை, சத்தமாகச் சிரித்தோம். அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

தன்னையே மறந்த பிறகும், யாரென்று தெரியாத ஒருவருக்காக அவர் எங்களிடம் கேட்ட அந்தச் சிரிப்பை நான் வைத்துக்கொள்கிறேன்.