ஆடிக் காற்றில் ஒரு பின்சீட்டுக் கண்: திருவண்ணாமலை வழியாக வேலூருக்கு

2007 ஆடி மாதம். வேலூரில் என் மச்சினி இருக்கும் தெருவில் ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், வந்தே ஆகவேண்டும் என்று போன். சென்னையிலிருந்து நேர்வழி நூற்று நாற்பது கிலோமீட்டர். நேர்வழியில் போனால் நான் ஏன் வலைப்பூ எழுதப்போகிறேன்? திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, போளூர் என்று இரண்டு மடங்கு தூரம் சுற்றிப் போகலாம் என்றேன். மனைவி ஜெயந்தி பாவம், சரி என்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். 150 சிசி வண்டி, பக்கவாட்டில் ஒரு பை. திண்டிவனம் வரை ஒரு வம்பும் இல்லை. மேற்கே செஞ்சி பக்கம் திரும்பியதும் காற்று நேராக நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. அறுபதைத் தாண்ட வண்டி முக்கியது. லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி அன்று நாற்பத்திரண்டுதான் கொடுத்தது. ஆடிக் காற்று பெட்ரோலையும் குடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கீழ்பென்னாத்தூருக்குச் சற்று முன்னால் எதிரே வைக்கோல் லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. கடக்கும்போது ஓங்கி ஒரு தள்ளு, கடந்ததும் ஒரு இழுப்பு. ஹேண்டில் இரண்டு பக்கமும் வெட்டியது, முன்சக்கரம் தார்ச் சாலையை விட்டு மண்ணில் இறங்கியது. எப்படியோ விழாமல் நிறுத்திவிட்டேன். ஜெயந்தி இறங்கினாள். கீழ்பென்னாத்தூர் வரைதான் வருவேன் என்றாள். எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

கீழ்பென்னாத்தூரில் அவள் பஸ் ஏறிவிட்டாள். மிச்சமிருந்த பதினேழு கிலோமீட்டரும் பெண்டாட்டி முன்னால் பஸ்ஸில், புருஷன் பின்னால் பைக்கில். ஜன்னல் வழியாக அவள் அடிக்கடி திரும்பி, நான் வருகிறேனா என்று பார்த்தாள். என் புத்தியோ வேறெங்கோ இருந்தது. பஸ்ஸுக்கு நேர் பின்னால் காற்றே இல்லை, கொஞ்சம் வலது பக்கம் விலகினால் ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்குகிறது. இதென்ன கூத்து என்று நாலு முறை விலகிப் பார்த்தேன். ஐந்தாவது முறை ஜன்னலிலிருந்து வந்த முறைப்பில் அடங்கிவிட்டேன்.

திருவண்ணாமலையில் தேரடி வீதிக்குப் பக்கத்தில் லாட்ஜ், முந்நூறு ரூபாய். தரிசனம் முடித்து வந்ததும் பேச்சு ஆரம்பித்தது. கல்யாணமாகி நாலு வருடமாக எந்த ஊருக்குப் போனாலும் இதே வண்டி, இதே இரண்டு பேர். இனி வெளியூருக்கு பைக்கில் வரமாட்டேன் என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன், நிதானமாகச் சொன்னாள். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். காலையில் பைக்கிலேயே மெதுவாகக் கிரிவலம், அப்புறம் போளூர் வரை பைக். நடுவில் ஒருமுறை பயந்தாலும் போளூரில் அவள் வேலூர் பஸ் ஏறிவிடுவாள். அப்படி ஏறிவிட்டால் அதோடு எங்கள் பைக் பயணமும் முடிந்தது.

கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். காற்றைப் படிக்க இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. தென்புறம் மேற்கு நோக்கிப் போகும்போது எதிர்க்காற்று. மேற்கே வளைந்து வடக்கு நோக்கினால் இடது விலாவில் அடிக்கிறது. வடபுறம் கிழக்கே திரும்பினால் முதுகில் தள்ளுகிறது. ஊருக்குள் வந்தாலோ மலை மறைத்துவிடும், ஒரு இலை அசையாது. அடி அண்ணாமலைப் பக்கம் மட்டும் மூன்று முறை போய்ப் போய்த் திரும்பினேன். டீக்கடை அம்மா வழி தவறிவிட்டதா என்று கேட்டார். இவர் காற்றைத் தேடுகிறார் என்று ஜெயந்தி போட்டுக்கொடுத்தாள்.

"அத எதுக்குங்க தேடணும்? இங்கயே நில்லுங்க, தானா வரும். ஆடில கூரய பிச்சிக்கினு போற காத்து" என்றார் அந்த அம்மா.

டீ குடிக்கும்போது ஜெயந்தி சொன்னாள்: "ஒண்ணு சொல்லட்டுங்களா? வண்டி ஆடறதுக்கு முன்னாடியே உங்க தோள் கல்லு மாதிரி ஆயிடுது. நீங்க இறுக்கிப் புடிச்ச அப்புறம்தான் வண்டி ஆடுது."

முழு வழியும் அவள் கை இருந்தது என் தோளில்தானே! இன்னொன்றும் சொன்னாள். புடவை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பதால் அவள் முகம் இடது பக்கம்தான் பார்க்கிறது. வடக்கே போகும்போது காற்று வருவதும் அங்கிருந்துதான். முதலில் தூரத்துக் கரும்பு சாய்கிறது, பிறகு வேலி ஓரத்துப் புல், அப்புறம்தான் வண்டி. நான் நேரே சாலையைப் பார்க்கிறேன், அவள் காற்றைப் பார்க்கிறாள்.

அதையும் சோதித்தோம். கரும்பு சாய்ந்ததும் அவள் தோளில் தட்டுவாள். நான் முழங்கையைத் தளர்த்தி, முட்டியால் டேங்க்கை அணைத்துக்கொள்வேன். வண்டி ஒரு சாண் நகர்ந்து தானே திரும்பி வந்தது.

போளூர் முப்பத்தைந்து கிலோமீட்டர், வடக்கு நோக்கிய சாலை. இடமிருந்து அடிக்கிற காற்று, எதிரே பஸ் வருகிற வலது பக்கத்துக்கே தள்ளும். பாதி வழியில் ஏரிக்கரை ஒன்று. புளியமரங்கள் சட்டென்று முடிந்துவிட்டன, எதிரே பஸ். தோளில் தட்டு விழுந்தது. இறுக்கிப் பிடிக்கத் துடித்த கையைத் தளரவிட்டேன். அய்யோ, அந்த ஒரு நொடி! வண்டி நடுக்கோட்டுப் பக்கம் சரிந்தது, பஸ்ஸின் தள்ளு வந்தது, பிறகு அமைதியாகத் தன் இடத்துக்கே வந்துவிட்டது. அவள் பயந்தாளா இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஆடியில் இந்தப் பக்கம் வருபவர்களுக்கு: காலை பத்துக்குள் ஓட்டி முடித்துவிடுங்கள், மதியம் காற்று ஜாஸ்தி. மரமோ மலையோ மறைப்பு முடிகிற இடத்தில் ஐம்பதுக்குக் குறையுங்கள். முந்தானையையும் பையையும் இறுக்கிக் கட்டுங்கள், கையை மட்டும் இறுக்காதீர்கள். பின்னால் இருப்பவர் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்வதுதான் பத்திரம், தலையை இடது பக்கம் திருப்பினால் போதும்.

போளூர் பஸ் நிலையத்தில் வேலூர் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஜெயந்தி இறங்கி நேரே அதை நோக்கி நடந்தாள். நான் பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலூருக்குப் போகிற வழியில் ஏரிக்கரை எத்தனை வரும் என்று கண்டக்டரிடம் விசாரித்தாள். அவர் குழம்பிப்போய், சீட் இருக்கிறது, ஏறுங்கம்மா என்றார்.

"இல்லீங்க" என்று என் பக்கம் கை காட்டினாள். "நான் பஸ்ல போயிட்டா, இவருக்குக் காத்து வர்றத யார் சொல்றது?"