பயம் கூடிப்போன தற்காப்பு வகுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை கருங்குழியில் ஒரு கராத்தே மாஸ்டர் கலங்கி நின்றதைப் பார்த்தேன்.

பெண்களுக்கான தற்காப்பு வகுப்பு. கடைசி நாள். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றுகிற நான், கொஞ்ச நாளாக அங்கே தங்கியிருப்பதால் அதில் சேர்ந்திருந்தேன்.

ஹேமா மாஸ்டர் முதல் நாளே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். இருட்டில் தனியாக நடக்கப் பயமே இல்லாதவர்கள் வலது முனை. ரொம்பப் பயப்படுபவர்கள் இடது முனை. பயிற்சி முடிந்ததும் மறுபடி நிற்க வேண்டும். பயம் குறைந்ததா, தைரியம் கூடியதா... தெரிந்துவிடும்!

முதல் நாள் வீட்டு ஆட்கள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்க, எல்லாரும் வலது முனையில் நெருக்கியடித்து நின்றோம். கடைசி நாள்? பாதிப் பேர் இடது முனையில்!

"இன்னாம்மா இது? கத்துக்குடுத்தா பயம் ஜாஸ்தியாவுமா?" மாஸ்டர் குரல் உடைந்தது.

செல்விதான் பதில் சொன்னாள். படாளத்துப் பெண். ஷிப்ட் முடிந்து கம்பெனி வேன் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து இருட்டில் வயல் வழியே தனி நடை.

"அன்னிக்கி எங்க அத்த பாத்துகினு இருந்தாங்க மாஸ்டர். பயம்னு நின்னா வேலைய வுட்டு நிறுத்திடுவாங்க. இப்போ எவனாச்சும் கையப் புடிச்சா உதறத் தெரியும். அதான் தைரியமா சொல்றேன்... பயமாத்தான் கீது."

சொல்லிவிட்டுத் திரும்பினால் — மைதானத்து கேட் அருகே அத்தை! மருமகளை அழைத்துப் போக வந்தவர். செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. வேலை போச்சு என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நேராக இடது முனைக்கு வந்தார். மருமகள் பக்கத்தில் நின்றார்.

"இன்னாடி பாக்குற? நீ வூடு வந்து சேர்ற வரிக்கும் எனக்கு மட்டும் குளிர் வுட்டுப் போச்சா?"

"அப்போ வேல, அத்த?"

"வேல இன்னா பண்ணிச்சு? நாளைலேர்ந்து வேன் நிக்கிற எடத்தாண்ட வந்து நிக்கிறேன். பேசிகினே நடந்து வந்துடலாம். அந்தக் கை உதறுறத எனக்கும் சொல்லிக்குடு."

பயத்தை அளக்கப் போகிறவர்கள், யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும் போலிருக்கிறது!

பையைத் தலைக்கு வைத்துப் பஸ் ஸ்டாண்டுகளில் தூங்கியிருக்கிறேன். பயமாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. கருங்குழியில் கேட்டார்கள். அதற்கே ஹேமா மாஸ்டருக்கு ஒரு கும்பிடு.

செல்வி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். கை உதறுவதில் இப்போது அத்தைதான் கெட்டிக்காரி என்று கேள்வி!