தகப்பனுக்கு எடுத்த அழைப்பு

அடி விழும் என்று தெரிந்துகொண்டேதான் நிரோஜாவின் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் தடவை தெரியாது. இரண்டாம் தடவை தெரியும்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலையொன்றில் நான் கணித ஆசிரியை. பிரம்பைத் தொட்டதே இல்லை. அதில் எனக்குப் பெருமை வேறு... தரம் ஒன்பதில் நிரோஜா ஓயாமல் கதைப்பாள். கேட்குமுன்னே விடை சொல்வாள்; நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் வகுப்பையே சிரிக்க வைப்பாள். கெட்ட பிள்ளை அல்ல. எனக்குத்தான் சமாளிக்கத் தெரியவில்லை.

முதல் தடவை அழைத்தபோது தகப்பன் பணிவாகவே பேசினார். "நீங்கள் யோசிக்காதேங்கோ டீச்சர். நான் பாத்துக்கொள்ளுறன்."

மறுநாள் அவள் கதிரையில் முதுகு சாயாமல் இருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன், டீச்சர்."

சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து ஒரு சிவந்த தடம் மேலேறியிருந்தது. வழுக்கி விழுந்தால் அப்படித் தடம் வருமா? நான் கேட்கவில்லை. அன்று வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது... இதைத்தான் உங்களிடம் சொல்லக் கூசுகிறது.

சில நாட்களில் அவள் பழையபடி கதைக்கத் தொடங்கினாள். ஒருநாள் சத்தம் கேட்டுப் பாடசாலை அதிபரே வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டார். அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. அவர் போனதும் தொலைபேசியோடு வெளியே வந்தேன். நிரோஜா பின்னால் ஓடி வந்தாள்.

"அப்பாவுக்கு மட்டும் சொல்லாதேங்கோ டீச்சர். நீங்களே அடியுங்கோ."

"நான் பிள்ளைகளுக்கு அடிக்கிறதில்லை" என்றேன். அவள் பார்த்துக்கொண்டு நிற்கவே அழைத்தேன்.

அந்தக் கிழமை முழுவதும் அவள் வரவில்லை. வந்தபோது இடது கையில் மாவுக்கட்டு. எவரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான்.

பிறகொரு நாள் தனியே கூப்பிட்டு, "இனி நான் வீட்டுக்கு எடுக்கமாட்டன்" என்றேன்.

"எடுத்தாலும் பரவாயில்லை டீச்சர். நான் இனிக் கதைக்கமாட்டன்."

சொன்னபடியே இருக்கிறாள்.

பிரம்பில்லாமல் வகுப்பை நடத்துபவள் என்று அதிபர் என்னை ஆசிரியர் பயிற்சியொன்றில் பேச அனுப்பினார். மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். பொறுமை பற்றி, அன்பு பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள்...

சிறுவர் பாதுகாப்பு அதிகாரியிடம் அறிவித்திருக்க வேண்டும். அது என் கடமை என்று எனக்குத் தெரியாதா? அறிவித்தால், தகப்பனிடம் முறையிட்டது யார் என்றுதானே முதலில் கேட்பார்கள்? அந்தக் கேள்விக்குப் பயந்து இன்றுவரை வாய் திறக்கவில்லை. இனி நான் அழைக்காவிட்டாலும், அடிப்பதற்கு அந்த மனிதருக்கு வேறு காரணம் கிடைக்காதா?

காலையில் பாடசாலை வாசலருகே நிற்கிறேன். கடமையில் நிற்பதாக மற்றவர்கள் நினைக்கிறார்கள். அவள் எப்படி நடந்து வருகிறாள் என்று பார்ப்பதற்காகத்தான் நிற்கிறேன்.

இன்று மணி அடித்துவிட்டது. அவள் இன்னும் வரவில்லை.