தப்பு வராத வாத்தியம்

கடையில் அவரை எல்லாரும் வித்வான் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாத்தியக் கடையில் இருபத்திரண்டு வருடமாக விற்பனை பார்க்கிறவர். எந்த வாத்தியத்தை எடுத்தாலும் மூன்றே பாட்டுதான் வாசிப்பார். அதிலும் முதல் நாலு வரி. அதற்குள் வந்தவர் மயங்கிவிடுவதால் ஐந்தாவது வரிக்குத் தேவையே வந்ததில்லை. யாராவது பாடினால் அது எந்தச் சுரம் என்று அவருக்குப் பிடிபடாது. இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னது கிடையாது.

ஆனால் புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு வாத்தியங்களை ஒப்பிட்டுச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மூன்றை எடுத்து மேசையில் பரப்புவார்.

“இது டல்சிமர்னு ஒரு தந்தி வாத்தியம். மடியில படுக்கவெச்சு வாசிக்கலாம், விரல் எங்க இருக்குன்னு கண்ணாலயே பாத்துக்கலாம். குச்சி மாதிரி இருக்கற இது, தோள்ல மாட்டிக்கிட்டு நடந்துகிட்டே வாசிக்க. ஆனா இடது கை தாங்கணும். இது தகர டப்பாவும் ஒத்தத் தந்தியும், விளையாட்டுக்கு.”

மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. கிட்டாரின் கழுத்தில் பன்னிரண்டு சுரத்துக்கும் ஃபிரெட் என்கிற குறுக்குக் கம்பி பதித்திருப்பார்கள். இவற்றிலோ ஏழு சுரத்துக்கு மட்டும்தான். ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டைகளைப் பிடுங்கி எறிந்த மாதிரி. “அதனால எங்க விரல் வெச்சாலும் தப்பு வராது” என்று முடிப்பார். அந்த ஒரு வாக்கியத்தில் பாதிக் கடை விற்றிருக்கிறது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஓர் அம்மா வந்தார். வாழ்நாளெல்லாம் தையல் மெஷின் மிதித்தவர். இடது மணிக்கட்டு மடங்காது. வித்வான் சரியாகவே டல்சிமரை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுத்துக் காட்டி, “இது மட்டும் வந்தாப் போதும். வருமா?” என்று கேட்டார். வித்வான் கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்டார். ஒன்றும் புரியவில்லை. “தாராளமா வரும்” என்றார்.

அன்று சாயங்காலமே, பின்பக்க அறையில் பழுது பார்க்கிற மெக்கானிக் வெளியே வந்தார். “அந்தம்மா பாடினதுல ஒரு எடத்துல அரைச் சுரம் எறங்குது. அதுக்கு டல்சிமர்ல ஃபிரெட்டே கெடையாதே. போன் பண்ணி வரச்சொல்லுங்க, ஒரு துண்டுக் கம்பி பதிச்சுக் குடுத்துடறேன். அரை மணி நேர வேலை.”

“சொல்லிடறேன்” என்றார் வித்வான்.

சொல்லவில்லை. ரசீதுப் புத்தகத்தில் நம்பர் இருந்தது. கூப்பிட்டால், ‘அன்னிக்கு உங்களுக்குத் தெரியலையா?’ என்று ஒரு கேள்வி வருமே. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். ஒரு மாதம் போன பிறகு இனிமேல் எந்த முகத்தோடு சொல்வது என்று விட்டுவிட்டார். மெக்கானிக் கேட்டபோது, சொல்லியாயிற்று என்று ஒரு பொய்யும் சொல்லி வைத்தார்.

நேற்று அந்த அம்மா டல்சிமரோடு வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று வித்வான் நினைத்தார். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலாம்.

“இதை வேற யாருக்காவது குடுத்துடுங்க சார். நல்ல பொருளை நான் வெச்சுக் கெடுக்கறேன்.”

“என்னம்மா ஆச்சு?”

“எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷமாப் பேச்சு வரல. பேச்சு இருந்தப்போ அவர் முணுமுணுக்கற பாட்டு அது. தெனமும் மத்தியானம் அவர் பக்கத்துல உக்காந்து வாசிச்சேன். ஒரு எடம் மட்டும் வரவே மாட்டேங்குது. அது வந்தாலே அவர் மொகம் சுருங்கிடும். தப்பே வராத வாத்தியத்துல எனக்கு மட்டும் தப்பு வருதுன்னா, என் கைதானே சார் கோளாறு?”

வித்வான் டல்சிமரை நோக்கிக் கையை நீட்டினார். இப்போதுகூட ‘சரிம்மா’ என்று வாங்கி உள்ளே வைத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். அப்படி நினைத்ததற்காக இன்னும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு.

“கடைசியா ஒரு தடவை நீங்க வாசிச்சுக் காட்டுங்களேன். எங்க தப்பு பண்றேன்னாவது தெரிஞ்சுக்கறேன்.”

கடையில் இன்னும் இரண்டு பேர் கிட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்கும் கதவோரம் வந்து நின்றார்.

“எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா” என்றார் வித்வான். குரல் அவருக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னார். “மூணு பாட்டுத் துண்டுதான் தெரியும். நீங்க கேட்ட சுரம் இதுல கெடையாது. அன்னிக்கு எனக்குப் புரியல. அன்னிக்குச் சாயங்காலமே இவர் சொல்லிட்டார். வெக்கப்பட்டுக்கிட்டு உங்ககிட்ட மறைச்சுட்டேன். உங்க கையில ஒரு கோளாறும் இல்ல.”

அந்த அம்மா திட்டவில்லை. தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெக்கானிக் டல்சிமரை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கம்பியைப் பதித்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா வாங்கிக்கொண்டு சொன்னார்:

“நீங்க என்கூட வீட்டுக்கு வரணும். இதை நான் சொன்னா, சாக்கு சொல்றேன்னு எங்க வீட்டுக்காரர் நெனச்சுக்குவார்.”

வித்வான் கூடப் போனார். இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒற்றை அறை. கட்டிலில் சாய்ந்திருந்த கணவரிடம் வித்வான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். “தப்பு அவங்களோடது இல்ல சார், என்னோடது. மன்னிச்சுடுங்க.”

மன்னிப்புக் கேட்டால் மனிதர்கள் ‘பரவாயில்லை’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘போய்யா வெளியே’ என்பார்கள். எதுவானாலும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். கட்டிலில் இருந்தவரால் இரண்டையும் சொல்ல முடியாது. வித்வான் அந்த அறையின் நடுவில், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.